வளைவில் யாரும் தெரியாத படம்

ரவி,

நாளைக்கு நீ முதலாம் வகுப்புக்குப் போகிறாய். உனக்கு ஐந்து வயது முடிந்திருக்கிறது. நீ எழுதுகிற 'அ' இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிறது. "எழுத்துக் கூட்டத் தெரியாத புள்ளைக்குக் கடுதாசி எழுதுற ஆளை நான் இப்பதாங்க பாக்குறேன்" என்று உன் வெள்ளைச் சட்டையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே உன் அம்மா சொல்கிறாள். சொல்லட்டும். எனக்கு இருபத்தொன்பது வயது. வயதான அப்பாமார் மகனுக்கு எழுதுகிற கடிதங்களில் பொறுமையாக இரு, அனுசரித்துப் போ என்றுதான் இருக்கும். எனக்கும் அந்த வயது வந்தால் நானும் அதையே எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் கோபம் ஆறுவதற்கு முன்னால் எழுதி வைக்கிறேன். இதை ஓர் உறையில் போட்டு அம்மாவிடம் கொடுப்பேன். நீ வளர்ந்து, வாகனம் ஓட்ட லைசன்ஸ் எடுக்கிற அன்றைக்கு அவள் உன் கையில் தருவாள். உறையை ஒட்டப் போவதில்லை. இடையில் யார் எடுத்து வாசித்தாலும் எனக்குச் சம்மதம். லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான் இது.

நீ பெரியவனாகும்போது இந்த ரோடு எப்படி இருக்குமோ எனக்குத் தெரியாது. இன்றைக்கு இருப்பதைச் சொல்கிறேன். அப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லைக்கு இறங்குகிற மெயின் ரோட்டில் நம் தேயிலைத் தோட்டம். ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகளாக நம் லயம் ரோட்டுக்கு மேலே இருக்கிறது. பள்ளிக்கூடம் கீழ் டிவிசனில். நடுவில் பிள்ளைகள் மெயின் ரோட்டில்தான் நடந்தாக வேண்டும், அந்த நடையின் நட்டநடுவில் வளைவு. இறங்கி வருகிற வாகனத்துக்கு இடது கைப் பக்கம் மூக்கு மாதிரி ஒரு மண்மேடு நீட்டிக்கொண்டிருக்கும். மேடு இடுப்பு உயரம்தான். அதன்மேல் வளர்ந்து ரோட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிற மானாப்புல்லையும் சேர்த்தால் என் தோள் வரைக்கும் வரும். மேட்டின் அடியில் தண்ணீர் ஓடுகிற கான். வலது கைப் பக்கம் பள்ளம், எட்டிப் பார்த்தால் கீழே மூடுபனிதான் தெரியும். கானுக்குள் நடக்க முடியாது. பள்ளத்துப் பக்கம் நடக்க எந்தத் தாயும் விடமாட்டாள். ஆகவே பிள்ளைகள் மேட்டை ஒட்டித் தார் மேலேயே நடக்கிறார்கள். முன்பு அரசாங்கத்துச் சிவப்பு பஸ் எப்போதாவது வரும், அதன் சத்தம் மலையைச் சுற்றி முன்கூட்டியே கேட்கும். இப்போது தனியார் வேன்கள் வந்துவிட்டன. எவன் முதலில் டவுனுக்குப் போய் ஆள் ஏற்றுவது என்று ஒன்றையொன்று துரத்திக்கொண்டு இறங்குகின்றன.

போன மழைக்காலத்தில் எதிர்க் காம்பராவில் குடியிருக்கிற மாரியாயியின் மகள் செல்வியை ஒரு வேனின் பக்கக் கண்ணாடி அடித்துக் கானுக்குள் தள்ளியது. வேன் நிற்கவில்லை. தொடை எலும்பு முறிந்து, பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து, இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டோடு அவள் திரும்பி வந்தாள். எட்டு வயதுப் பிள்ளை. அந்த வாரம் நம் ஆட்கள் வளைவில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்தார்கள். "அவ தலையெழுத்து, கால் அளவோட போச்சு" என்று பெரிய கங்காணி சொன்னார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நான் வேலை செய்கிற தேயிலைப் பேக்டரியில் உருட்டு மெஷினின் பெல்ட் அறுந்து ஒருவன் கை போனால் தலையெழுத்து என்று சொல்லிவிட்டு மறுபடி சுவிட்சைப் போடுவேனா? பெல்ட்டுக்கு மூடி போடுவேன். டெக்னிக்கல் காலேஜில் இரண்டு வருடம் படித்து நான் கற்றுக்கொண்டது மொத்தமும் அதுதான். ஆபத்து இருக்கிற இடத்துக்கு மூடி போடு. மூடி இல்லாவிட்டால் மெஷினை நிறுத்து.

தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போனேன். தோட்டம் அரசாங்கத்துக்குப் போன பிறகு வந்த புதுத் துரை, நல்ல மனிதர்தான். மேட்டை இறக்குங்கள், அல்லது மேட்டுக்கு மேலே தேயிலைக்குள் பிள்ளைகளுக்கு ஒரு பாதை விடுங்கள் என்று கேட்டேன். ரோட்டோரம் எல்லாம் ரோட்டுக்காரர்கள் பொறுப்பு என்றார். பதுளையில் ரோட்டு ஆபீசுக்குப் போனேன். மேடு தோட்டத்துக்குச் சொந்தம் என்றார்கள். அங்கே இருந்த பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக் கண்ணாடி போட்டவர். கடைசியில் அவர்தான் ஒரு வழி சொன்னார். "தம்பி, ஆபத்து ஆபத்தெண்டு எல்லா ஊரிலயிருந்தும் வந்து சொல்லுகினம். நான் எல்லா வளைவையும் போய்ப் பாக்கேலுமே? பாக்கக்கூடிய மாதிரி ஏதும் கொண்டு வாரும்." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். பார்க்கக்கூடிய மாதிரி என்றால் போட்டோ.

இந்தியாவுக்குப் போன நம் பழைய கிளார்க்கர் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன பெட்டிக் கேமரா ஒன்று வீட்டில் இருந்தது. நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, மேலே உள்ள கண்ணாடிக்குள் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டு படம். அப்போது வீட்டில் ஒரே ஒரு சுருள்தான் இருந்தது, அது உன் காதுகுத்துக்காக அம்மா வாங்கி வைக்கச் சொன்னது. அதை எடுத்து நான் கேமராவில் போட்டதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரோட்டுக்குக் காது குத்தப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். உன் காதுகுத்துக்குப் படம் இல்லாததன் காரணம் அதுதான். இனி அம்மாவிடம் கேட்காதே, அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

அடுத்த நாள் பெரட்டில், கங்காணிமார் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, நான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வளைவில் போட்டோ எடுக்கிறோம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று. இந்த ஒரு வாக்கியத்தில்தான் காரியம் கெட்டது. நம் சனங்களுக்குக் கேமரா என்றால் இரண்டே வேலை. ஒன்று கல்யாணம், மற்றது இந்தியா பாஸ்போர்ட். இந்தியாவுக்குத் திரும்பிப் போகக் கப்பலுக்குப் பேர் கொடுத்த குடும்பங்கள் எல்லாம் அப்புத்தளை ஸ்டூடியோவில் வரிசையாகப் போய் நின்று பழகியிருக்கின்றன. ஸ்டூடியோவில் ஹமீது நானா சொல்கிற மந்திரம் லயத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ரெண்டு காதும் தெரியணும், சிரிக்கக் கூடாது, அசையக் கூடாது. எனக்கு இது தெரியாதா என்ன? தெரியும். யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வளைவுக்குப் போனால் தீபாவளி மாதிரி இருந்தது. பிள்ளைகள் எண்ணெய் வழிய வழியத் தலை சீவி, பவுடர் அப்பி, பெட்டியில் இருந்த நல்ல உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு, மேட்டை ஒட்டி உயரப்படி வரிசையாக நின்றார்கள். தாய்மார் ஓடி ஓடிப் பிள்ளைகளின் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார்கள். நடங்கள், எப்போதும் போல் நடங்கள் என்று நான் கத்தினேன். "நடந்தா மொகம் கலங்கிப் போகுமே தம்பி" என்று ஒரு தாய் எனக்கே போட்டோ பாடம் நடத்தினாள். இரண்டு குடும்பம் வரவே இல்லை. படத்தைக் கண்டியில் இருக்கிற இந்தியா ஆபீசுக்கு அனுப்பி, கப்பலில் ஏற்றிவிடுவான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து லாரி வந்தது. வளைவில் லாரி, ஓரத்தில் பிள்ளைகள், எனக்கு வேண்டியதும் அதுதான். லாரி ஓட்டுகிற சோமபால கேமராவைக் கண்டதும் பிரேக் அடித்தார். இறங்கினார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினார். லாரியின் மூக்கில் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து நின்றார்.

"ஓட்டிக்கிட்டு வாங்கண்ணே" என்றேன்.

"ஓடுற லாரிக்குள்ள என் மூஞ்சி எப்பிடி மல்லி விழும்?" என்றார். அவர் சிங்களவர், தமிழை நம்மைவிடச் சுத்தமாகப் பேசுவார். தம்பி என்று கூப்பிடுகிற இடத்தில் மட்டும் மல்லி என்பார்.

பன்னிரண்டும் முடிந்தது. ஹமீது நானா கழுவிக் கொடுக்கும்போது படங்களை வரிசையாக மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, ரோட்டைப் பத்தி என்னமோ சொன்னீங்க. இது யார் ஊட்டுக் கலியாணம்?" என்று கேட்டார். வேறு வழியில்லாமல் அதையே பதுளைக்குக் கொண்டு போனேன். பெரியவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பிள்ளையள் நல்ல ஒழுங்கா ஓரமாத்தானே நிக்குதுகள். லொறிக்காரனும் நிப்பாட்டியிருக்கிறான். என்ன ஆபத்து?" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. படத்தில் இருந்ததைத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். இந்தச் சனங்களுக்கு எதுவுமே புரியாது, நல்லது செய்யப் போனால் பவுடர் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று. உன் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "போட்டோ எடுக்கிறோம்னு சொன்னது யாரு? ரோட்டைப் பாக்கப் போறோம்னு சொல்லியிருந்தா அழுக்குச் சட்டையோடயே வந்திருப்பாங்க" என்றாள்.  ரவி, இதைக் குறித்துக்கொள். மெஷின் தப்பாக ஓடினால் முதலில் சுவிட்சைப் போட்ட கையைப் பார். நீ என்னைப் போலத்தான் வரப்போகிறாய், இப்போதே தெரிகிறது. சோறு வர ஒரு நிமிடம் பிந்தினால் தட்டைத் தட்டுகிறாய். அவசரக்காரனாக இரு, அதில் தப்பில்லை. ஆனால் அவசரத்தில் சொன்ன வார்த்தைக்குப் பிறகு ஊரைத் திட்டாதே.

அடுத்த பிலிமை ஹமீது நானாவே எடுத்துக் கொடுத்தார். "என் மகளும் ரோட்டுலதான் பள்ளிக்கூடம் போறா" என்றார். இந்த முறை என் மூளை வேறு பக்கம் ஓடியது. மாவுக்கட்டோடு படுத்திருக்கிற செல்வியை எடுத்தால் எந்த ஆபீசரும் மறுபேச்சுப் பேச முடியாது என்று நினைத்தேன். கேமராவோடு மாரியாயியின் காம்பராவுக்குள் போனேன். அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் எழுந்து பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எம்புள்ள காலை ஊர் ஊராக் காட்டப் போறியா? பாவம்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருவாங்க. பாவம்னு சொன்னா மேடு எறங்குமா? அவ நொண்டினதை எடுக்காத. அவளைத் தள்ளினதை எடு."

அவள் என்னைவிட மூத்தவள், லயத்தில் யாரையும் பேச்சில் விட்டு வைக்கமாட்டாள். கேமராவைக் கீழே இறக்கினேன். பிறகு, சரி அக்கா, தள்ளினதை எப்படி எடுப்பது என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வைத்து எல்லாருமாகப் பேசினோம், பேசினோம் என்றால் சண்டை போட்டோம். ஒருவன் போலீசுக்கு எழுது என்றான். ஒருவன் வேனுக்குக் கல்லெறி என்றான். முடிவில் நான் சொன்னேன். கேமராவை நான் வைத்திருக்கப் போவதில்லை. அந்த ரோட்டில் நடக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு நாள் கழுத்தில் மாட்டிக்கொண்டு போங்கள். யாரும் நிற்கக் கூடாது, யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது. எந்த இடத்தில் நெஞ்சு திக்கென்கிறதோ அந்த இடத்தில் அமுக்குங்கள். ஆளுக்கு ஒன்று.

"காது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ரோட்டுக்குக் காது கிடையாது அக்கா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் கேமராவைத் தொடவே துணிந்தார்கள்.

எல்லாப் படமும் நன்றாக வந்தது என்று சொன்னால் அது பொய். கவ்வாத்து வெட்டுகிற தங்கராசு எடுத்ததில் ஒரு நாய் மட்டும் இருந்தது. கேட்டதற்கு, "எனக்கு அங்க அதுதாண்டா பயம்" என்றான். சொன்னபடிதான் செய்திருக்கிறான், குறை சொல்ல முடியாது. இடுப்பில் கைக்குழந்தையோடு போன ஒரு தாய் கானின் உடைந்த விளிம்பை எடுத்திருந்தாள். ஒருவர் எடுத்த மூடுபனியில் இரண்டு விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கட்டுப் பிரித்து, கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்த செல்வி தானும் எடுப்பேன் என்று அடம் பிடித்தாள். மாரியாயி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள், நான் பேக்டரியிலிருந்து சிவப்புத் துணி ஒன்றைக் கொண்டு வந்து, வருகிற வாகனத்தை மெதுவாக்கக் காட்டிக்கொண்டு மேல் திருப்பத்தில் நின்றேன். அவள் நெஞ்சு உயரத்திலிருந்து எடுத்த படத்தில் வானமே இல்லை. ஒரு பக்கம் முழுக்கப் புல், மறு பக்கம் பஸ்ஸின் பாதி முகம், சக்கரம். நான் ஆயிரம் தடவை நடந்த இடம் அது. அப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததே இல்லை.

ஆனால் மேட்டை இறக்க அது போதுமா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. அப்போது சோமபால வந்து சண்டை பிடித்தார். படங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, பேக்டரி வாசலில் லாரியை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"எல்லாப் படத்திலயும் லாரிதான் பேய், பஸ்தான் பேய். டிரைவர் கண்ணை மூடிக்கிட்டா ஓட்டுறான்? நீ வந்து என் சீட்டுல குந்து மல்லி. குந்திப் பாத்துட்டு அப்புறம் சொல்லு."

சரி, குந்துகிறேன் என்றேன். அந்தச் சனிக்கிழமை அவர் லாரியை வளைவுக்கு மேலே, வாகனங்கள் வழக்கமாக வருகிற இடத்தில் நிறுத்தினார். ரோட்டின் இரண்டு பக்கமும் ஆள் வைத்து வாகனங்களை மறித்தோம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை மேட்டை ஒட்டி, எப்போதும் நடக்கிறபடி, அன்றாட உடுப்போடு, நடக்கவிட்டோம். அம்மா உன்னையும் கொண்டு வந்து வரிசையில் விட்டிருந்தாள், அடுத்த வருடம் நீயும் அந்த வரிசையில் போக வேண்டியவன்தானே என்று. நீ செல்வியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கீழே பார்த்துவிட்டுத்தான் நான் லாரியில் ஏறினேன்.

சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ரோடு, மேடு, புல். மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற மாரியாயியின் தலை, தலைத்துண்டோடு, புல்லுக்கு மேலே தெளிவாகத் தெரிந்தது. பிள்ளைகள் இல்லை. இன்னும் எட்டிப் பார்த்தேன். இல்லை. நீ அங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஒரு நிமிடத்துக்கு முன்னால் உன்னைப் பார்த்திருக்கிறேன். கைக்கு எட்டுகிற தூரம் என்றே சொல்லலாம். என் இரண்டு கண்ணுக்கும் நீ அங்கே இல்லை. இந்தத் தோட்டத்தில் பெரியவர்கள் யாரும் இத்தனை வருடம் ஏன் பயப்படவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. ரோட்டில் போகும்போது டிரைவர்மார் அவர்களைப் பார்த்து ஹாரன் அடிக்கிறார்கள், ஒதுங்கிப் போகிறார்கள். அவர்கள் தலை தெரிகிறது. பிள்ளைகளுடையது தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.  சோமபால ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே, "தினம் இதைத்தான் நான் பாக்குறேன். ஒண்ணுமில்லைன்னு நெனச்சுத்தான் மிதிக்கிறேன்" என்றார். அவர் குரலில் சண்டை போயிருந்தது. கேமராவை அவரிடமே கொடுத்தேன். அவர் சீட்டில் உட்கார்ந்து, அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்து, அவரே அமுக்கினார்.

பதுளைக்கு மூன்று பேர் போனோம், நான், சோமபால, மாரியாயி. ரயிலில் மாரியாயி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். செல்வியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன பாதை அது. பெரியவர் என்னைக் கண்டதும், "கலியாணப் படம் கொண்டு வந்த தம்பியெல்லே?" என்றார். நான் செல்வி எடுத்ததையும் சோமபால எடுத்ததையும் மட்டும் மேசையில் வைத்தேன். இந்த இரண்டாவது படத்தில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பார்த்தார்.

"ஒருத்தரும் இல்லை. ஒரு மனிசியின்ர தலை தெரியுது."

"அது என் தலைங்க" என்றாள் மாரியாயி. அவள் பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேசைக்குப் பக்கத்தில் வந்து, கொழுந்துக் கறை படிந்த விரலைப் படத்தில் இருந்த புல்லின் மேல் வைத்தாள். "இங்க சாந்தி. இங்க மூர்த்தி. இது அவன் தங்கச்சி, பேரு லெச்சுமி. இங்க பிச்சையோட ரெட்டைப் புள்ளைங்க." விரல் வெறும் புல்லின்மேல் நகர்ந்துகொண்டே போனது. ஒரு பிள்ளையையும் அவள் விடவில்லை. "இங்க எம்புள்ள செல்வி, கம்போட நிக்கிறா. அவ பாவாடையப் புடிச்சுக்கிட்டு இந்தத் தம்பி மகன் ரவி."

பெரியவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது எந்த உயரத்தில எடுத்தது?" என்று கேட்டார். சோமபால தன் கண்ணுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினார். பெரியவர் அந்தக் கையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். நாங்கள் இருக்கும்போதே ஓவர்சியரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அதன் பிறகு எல்லாம் நடந்துவிட்டது என்று நினைக்காதே. ஓவர்சியர் வந்தார், அளந்தார். மேட்டின் மூக்கை ரோட்டு ஆட்கள் பாதி வெட்டினார்கள், மீதி மழைக்குப் பிறகு என்றார்கள். பாதைக்கு அடி வரிசைத் தேயிலை போக வேண்டும். ஒரு செடியைப் பிடுங்கவும் மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்று துரை சொன்னார். நான் அவரைப் பேச்சில் வெல்லப் பார்க்கவில்லை. ஐயா, ஒரு தடவை லாரியில் ஏறிக் குந்துங்கள் என்றேன். அவருடைய மகளும் மாரியாயியின் மகளும் ஒரே வயது. அவர் ஏறினார், இறங்கினார், எழுதுகிறேன் என்றார். எழுதினார். ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் லயமே மண்வெட்டியோடு திரண்டு மேட்டுக்கு மேலே பாதை வெட்டியது. தாய்மார் கல் சுமந்தார்கள். சோமபால லாரியில் மணல் கொண்டு வந்து கொட்டினார். பெரிய கங்காணி தான் நட்ட மஞ்சள் கல்லைத் தானே பிடுங்கிக்கொண்டு போய்ப் பாதை தொடங்குகிற இடத்தில் நட்டார். இருக்கட்டும். அவருக்கும் ஒரு மூடி வேண்டும்.

வளைவைத் தாண்டி ஒரு பாலம் இருக்கிறது, பாதை அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பாலத்தில் பிள்ளைகள் இன்னும் தார் மேலேதான் இறங்குகிறார்கள். அதற்கும் படம் எடுத்தாயிற்று, இந்த மாதம் பதுளைக்குப் போகிறேன். என்னைக் கண்டால் அந்த ஆபீசில் இப்போது உட்காரக் கதிரை எடுத்துப் போடுகிறார்கள், சீக்கிரம் அனுப்பிவிடலாம் என்றுதான். மானாப்புல் வெட்ட வெட்ட வளர்கிறது. அதனால் மாதம் ஒரு தடவை சோமபால சீட்டிலிருந்து ஒரு படம் எடுக்கிறார். பிள்ளை தெரிந்தால் சரி, தெரியாவிட்டால் அன்றைக்கே கத்தியோடு போகிறோம். இது ஒரு நாளும் முடியாத வேலை, மெஷினுக்கு எண்ணெய் போடுகிற மாதிரி. நீ பெரியவனாகி இதை வாசிக்கும்போது பாலத்துக்கும் பாதை இருந்தால் எங்களை நினைத்துக்கொள். இல்லாவிட்டால் உன் தகப்பன் செத்தானா, சோம்பேறியானானா என்று கேட்டுவிட்டு, கேமராவை எடுத்துக்கொண்டு நீ போ.

சோமபால முதலில் எடுத்த அந்தப் படத்தின் ஒரு பிரதியை இதனோடு வைத்திருக்கிறேன். உனக்கு ஒரு வண்டி கிடைத்தால், சொந்தமானாலும் சரி, கூலிக்கு ஓட்டுவதானாலும் சரி, சாமி படத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டு. பார்க்கிறவர்கள் இது என்ன வெறும் புல் என்று கேட்பார்கள். அதில் யார் யார் நிற்கிறார்கள் என்று சொல்லு, மாரியாயி அத்தை சொன்ன மாதிரி, பேர் பேராக. பெயர் மறந்துபோனால் அவளிடம் கேள், அவளுக்கு மறக்காது. எந்த வளைவுக்கு வந்தாலும் யாரும் தெரியவில்லையே என்று மிதிக்காதே. அங்கே உன்னை நிறுத்தி நான் பார்த்திருக்கிறேன்.

கேமராவில் இப்போது ஒரே ஒரு படம் மீதி இருக்கிறது. அதில் நாளைக்கு உன்னைத்தான் எடுக்க வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சட்டை மடிப்புக் கலையாமல், ரெண்டு காதும் தெரிய, வாசலில் நிறுத்தி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாதை முடிந்து பாலத்தில் நீ தார் மேல் இறங்குகிற இடத்தில் சிவப்புத் துணியோடும் கேமராவோடும் காலையிலேயே போய் நிற்பேன். செல்வி உன் கையைப் பிடித்திருப்பாள். நான் இருப்பது தெரிந்தால் நீ நின்று சிரிப்பாய், எனக்குத் தெரியும்.

நிற்காதே. என்னைப் பார்க்காதே. ரோட்டைப் பார்த்து நட. ஒரு காது தெரிந்தால் போதும், அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அப்பா